சிலோன்காரங்க கஞ்சம், தோட்டத்து ஆளுங்க லேட்டு

சிலோன்காரங்களைப் பத்தி எங்க அத்தைக்குத் தெரியாத விஷயமே கிடையாது. மெர்லிமாவ் பக்கம் எங்க எஸ்டேட்டுத் தோட்டத்துல யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவங்ககிட்டதான் கேப்பாங்க. மலாக்கா டவுன்ல ஒரு சிலோன்காரங்க வீட்டுல சமையல் ஒத்தாசைக்குப் போயிருந்தவங்க ஆச்சே! எத்தனை வருஷம் இருந்தாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க. தீபாவளி முடிஞ்சு போனவங்க பொங்கலுக்கு முன்னாடியே பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அந்தக் கொஞ்ச நாள் அனுபவத்தை வச்சுக்கிட்டு ஆயுசு முழுக்கப் பேசினாங்க.

யாழ்ப்பாணத் தமிழர்னு மேடையில சொல்லுவாங்க, எங்க வாயில சிலோன்காரங்கதான். அத்தை சொல்றபடி பாத்தா, சிலோன்காரங்க தேங்காய்ப் பால் பிழிஞ்ச சக்கையைத் தூக்கிப் போட மாட்டாங்க, மறுபடி பிழிவாங்க, அதுக்கும் மேல ஒரு தடவை பிழிஞ்சுட்டு சக்கைக்கே பாவம்னு தோணினாதான் விடுவாங்க. விருந்தாளிக்கு வெட்டித் தர்ற கேக்கு வழியா அந்தப் பக்கம் நிக்கிற ஆளைப் பாக்கலாம். புருஷன் பொண்டாட்டி சண்டைகூட இங்கிலீஷ்லதான், அதுவும் மெதுவாதான், பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. வீட்டு முன் போர்ச்சைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கழுவுவாங்க, அங்க இலை போடாமலே சோறு சாப்பிடலாம். எல்லாத்துக்கும் மேல, சிலோன்காரங்க சிரிக்க மாட்டாங்க. "சிரிச்சா பல்லு தேஞ்சிடும்னு நெனப்பு"ன்னு அத்தை சொல்லி முடிக்கிறப்போ எங்க வீட்டு அடுப்படியே குலுங்கும். நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவங்க வீட்டு அடுப்படியில எங்களைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாதே!

தொண்ணூறுகள்ல நான் மலாக்கா டவுன்ல ஒரு போட்டோ கடையில வேலை பாத்தேன். ஜனங்க பிலிம் ரோல் கொண்டாந்து கழுவக் கொடுத்துட்டு, தன் மூஞ்சி எப்படி விழுந்திருக்கோன்னு தவிச்சுக்கிட்டு இருந்த காலம். அங்கதான் இவரு வந்தாரு. புக்கிட் காத்தில்ல வீடு, ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல எடுத்த ரோலைக் கொடுத்துட்டு, காலையில பத்து மணிக்கு வாங்கன்னு சொன்னா, கடை ஷட்டரைத் தூக்குறப்பவே அங்க நிப்பாரு. ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்துடுச்சு. "ஏன் சார், ஷட்டர் தூக்குற வேலையையும் நீங்களே பாக்குறீங்களா லா?"ன்னு கேட்டேன். மூஞ்சியில ஒரு அசைவு கிடையாது. அடுத்த தடவை சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் கழிச்சு வந்து நின்னு, "இண்டைக்குச் சரியோ?"ன்னாரு. ஓ, இவங்க உள்ளுக்குள்ள சிரிக்கிற ஜாதின்னு அன்னைக்குதான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

பழகினப்புறம், அவங்க பெரியம்மா எங்களைப் பத்திச் சொல்றதையெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னாரு. அவங்க குடும்பத்துக்கு அந்தப் பெரியம்மாதான் எங்க அத்தை மாதிரி. தோட்டத்து ஆளுங்க பதினோரு மணின்னு சொன்னா ஒரு மணின்னு அர்த்தம். அவங்க பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட ரகசியம் சொன்னாலும் அடுத்த தோட்டத்துக்குக் கேக்கும். பளபளன்னு மின்னாத துணி அவங்க கண்ணுக்குத் துணியே இல்ல. சாப்பாட்டுல கையை வச்சா தீந்துச்சு, போதும் போதும்னு இலையை மடிச்சாலும் பிரிச்சு வச்சு மறுபடி போடுவாங்க, வேணாம்னு சொன்னா சண்டைக்கு வந்துடுவாங்க. இதைக் கேட்டு எனக்குக் கோவம் தலைக்கு ஏறிடுச்சு, கொஞ்ச நாள் பேசவே இல்ல. பொய்யா இருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை, அதான் கோவம்.

கல்யாணம்னு பேச்சு எடுத்தப்போ அம்மா அழுதாங்க, அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. "தேங்கா சக்கையைப் பிழியிற வீட்டுல போயி வாழப் போறியாடி?" அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்குப் பயம். அப்பா கத்தினா அடங்கிடுவாரு, பேசாம இருந்தாதான் ஆபத்து.

அப்பாவுக்கு சிலோன்காரங்க மேல இருந்தது அத்தை மாதிரி அடுப்படிக் கேலி இல்ல. எங்க தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்துல கிராணி பங்களா ஒண்ணு உண்டு. கிராணின்னா ஆபீசுல பேர் போடுற, கணக்கு எழுதுற குமாஸ்தா. எங்க தாத்தா காலத்துல அந்த வேலையில இருந்தவங்க சிலோன்காரங்க. அந்தப் பங்களாவைத் தாண்டுறப்போ யாரா இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கிட்டுதான் போகணும். எழுதி வச்ச சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா இறங்காம மிதிச்சுக்கிட்டுப் போனவனுக்கு மறுநாள் தோட்டத்துக் கடைசியில, எவனும் சீவ மாட்டேங்குற ரப்பர் மரமாப் பாத்து வேலை விழும். தாத்தா சைக்கிளோட முன் கம்பியில உக்காந்து போற சின்னப் புள்ளையா இருந்த எங்கப்பாவும் கூடவே இறங்கி நடப்பாராம்.

அது அப்படியே உடம்புல ஊறிப்போச்சு. ரப்பர் போயி எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துடுச்சு, அப்பா பழக்குலை ஏத்துற லாரிக்கு டிரைவர் ஆயிட்டாரு, பங்களாவுல ஆள் கிடையாது, கூரை மேல செடி மொளைச்சு நிக்குது. ஆனாலும் அப்பா தன்னோட கப்சாய் மோட்டார்சைக்கிள்ல வந்தாருன்னா அந்த இடத்துல எஞ்சினை அமத்திட்டு இறங்கிடுவாரு. தள்ளிக்கிட்டே போயி, தாண்டினப்புறம்தான் ஏறுவாரு. "அப்பா, உள்ள இருக்கிற வௌவாலுக்கா மரியாதை?"ன்னு நான் கேலி பண்ணுவேன். அவரும் சிரிப்பாரு. ஆனா மறுநாளும் இறங்குவாரு.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவுறப்போ அப்பாவே பேச்சை எடுத்தாரு. "நானே போயி அவங்களை நம்ம வீட்டுக்கு அழைக்கிறேன். ஆனா ஒண்ணு. என்னை வாசல்ல நிக்க வச்சுப் பேசினாங்கன்னா அதோட சரி. இல்ல, நம்ம வீட்டுக்கு வந்து மூஞ்சியச் சுளிச்சாங்கன்னாலும் அதோட சரி. எங்கப்பா இறங்கினது போதும், என் புள்ளையும் இறங்க வேணாம்." நான் தலையை ஆட்டினேன். அப்பாவை அழ வச்சுட்டு நான் தாலி கட்டிக்க மாட்டேன்னு வாத்தியார்கிட்டயும் சொல்லிட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. ரொம்ப நேரம் தொடைச்சாரு.

அப்பாவும் அம்மாவும் தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு எடுத்துக்கிட்டு கப்சாய்ல புக்கிட் காத்திலுக்குப் போனாங்க. திரும்பி வந்து அம்மாதான் நடந்ததைச் சொன்னாங்க. அந்த வீட்டுச் சந்து முனையிலேயே அப்பா எஞ்சினை அமத்திட்டாராம். அம்மாவை இறக்கி விட்டுட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டே கேட்டு வரைக்கும் போயிருக்காரு. "ஏங்க, இங்க யாருங்க கிராணி?"ன்னு அம்மா கேட்டதுக்கு, "கால் தானா இறங்கிடுச்சு புள்ள"ன்னாராம். வாத்தியாரோட அப்பா, ரயில்வேயில ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆன பெரியவர், போர்ச்சுல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு.

ஆனா வாசல்ல நிக்க வைக்கல. உள்ள கூட்டிட்டுப் போயி மெத்தை நாற்காலியில உக்கார வச்சு, டீயும் கேக்கும் கொடுத்திருக்காங்க. "கேக்கு வழியா ஆள் தெரிஞ்சுச்சா?"ன்னு அத்தை ஆவலாக் கேட்டாங்க. தெரியலையாம், நல்ல கனமாவே இருந்துச்சாம். அத்தைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அப்பா மட்டும், "மரியாதையாத்தான் பேசினாரு. ஆனா கடைசி வரைக்கும் சிரிக்கல. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வரட்டும், பாப்போம்"ன்னாரு.

அந்த ஞாயித்துக்கிழமையை நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பும் வரும், யாரையாவது அறையணும் போலவும் இருக்கும்.

சமையல் பொறுப்பு அத்தை கைக்குப் போயிடுச்சு. எங்கம்மா கை எப்படின்னா, நாலு பேருக்கு ஆக்கினா பத்து பேர் சாப்பிடலாம். கோழிப் பிரட்டல் வச்சா பக்கத்து லயத்து வீடுங்கள்ல இருந்து தட்டோட வருவாங்க. அந்த அம்மாவை அத்தை ஒரே ஒரு சின்னப் பானையோட உக்கார வச்சுட்டாங்க. "மலை மாதிரி ஆக்கி வச்சா காட்டான்னு நெனப்பாங்க அண்ணி. அவங்க அளந்து சாப்பிடுற ஆளுங்க. மிளகாயைக் கண்ணுல காட்டாதீங்க. சொதி வைங்க, அவங்க வீட்டுல தினமும் அதுதான்." சொதின்னா தேங்காய்ப் பால்ல வைக்கிற தண்ணியான குழம்பு. அம்மா வாழ்க்கையில வச்சதில்ல. வச்சு முடிச்சு ருசி பாத்துட்டு, "பச்சப் புள்ளைக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி இருக்கு"ன்னு கண்ணு கலங்கினாங்க. கோழிக்கு மிளகாய்த்தூள் போடாம மஞ்சளை மட்டும் போட்டுக் கொதிக்க விட்டோம். பாவம் அந்தக் கோழி, செத்தும் கெட்டுச்சு.

எனக்கு வாங்கி வச்சிருந்த ஜரிகைப் புடவை பீரோவுக்குள்ள போயிடுச்சு. பகட்டுன்னா அவங்களுக்கு ஆகாதாம். ஆஸ்பத்திரி நர்சு மாதிரி ஒரு வெளிர் காட்டன் புடவையைக் கட்டிவிட்டு, பூவையும் கிள்ளிப் பாதி ஆக்கிட்டாங்க. லயத்துல எல்லா வீட்டுலயும் ரேடியோவை அமத்தச் சொல்லியாச்சு. பேசுறதா இருந்தா மெதுவாப் பேசணும். பத்தரைக்கே நாங்க எல்லாரும் குளிச்சு, தலை சீவி, வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டோம். பெரிய பரீட்சைக்கு உக்காந்த மாதிரி இருந்துச்சு.

பதினொண்ணு அடிச்சுச்சு. ஆள் இல்ல. "இப்ப வந்துருவாங்க, அவங்க மணி தவற மாட்டாங்க"ன்னு அத்தை சொன்னாங்க. பன்னெண்டு ஆச்சு, அத்தை கடிகாரம் ஓடுதான்னு காதுல வச்சுப் பாத்தாங்க. எங்க வீட்டுல டெலிபோன் கிடையாது, கூப்பிட்டுக் கேக்கவும் வழியில்ல. அப்பா சட்டைப் பொத்தானைக் கழட்டுறதும் போடுறதுமா இருந்தாரு. ஒரு மணி தாண்டினதும் எழுந்து நின்னு, "அவ்வளவுதான். மதிச்சாதானே வருவாங்க?"ன்னாரு. குரல் உடைஞ்சிருந்துச்சு. இதுக்காகவா இந்த மனுஷன் தட்டைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போயி வண்டியைத் தள்ளினாரு?

அப்பதான் கார் சத்தம் கேட்டுச்சு.

இறங்கினது மூணு பேரு. வாத்தியார், பெரியவர், வாத்தியாரோட அம்மா. அந்தம்மாவைப் பாத்து நாங்க எல்லாரும் வாயைப் பொளந்துட்டோம். கண்ணைக் கூசுற சிவப்பு காஞ்சிபுரம், கழுத்துல அட்டிகை, அதுக்கு மேல ஆரம், அதுக்கும் மேல இன்னொண்ணு, கை நெறைய வளையல். கோயில் தேரு தோட்டத்துக்குள்ள வந்த மாதிரி இருந்துச்சு. எதிர்ல நர்சு புடவையில நான். பெரியவர் படி ஏறினதும் ரெண்டு கையையும் விரிச்சு, "வணக்கம்! வணக்கம்! எல்லாரும் சுகமோ!"ன்னு போட்டாரு பாருங்க ஒரு சத்தம், கூண்டுல இருந்த கோழியெல்லாம் படபடன்னு அடிச்சுக்கிச்சு. அப்பா காதோட காதா, "வாங்க..."ன்னாரு. "என்ன?"ன்னு பெரியவர் கத்தினாரு. "உள்ள வாங்க"ன்னு அம்மா காத்து மாதிரி சொன்னாங்க. அவரு கத்தவும் நாங்க குசுகுசுக்கவுமா கொஞ்ச நேரம் போச்சு. வாத்தியார் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சுட்டாரு.

லேட்டானதுக்கு ஒரு வார்த்தை சொல்லல. அப்பா மூஞ்சி இறுகிப்போச்சு. சாப்பிட உக்காந்தாங்க. அம்மா முதல் தடவை பரிமாறினாங்க. மூணு பேரும் கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சுட்டாங்க. மஞ்சள் கோழி போன இடம் தெரியல. பெரியவர் இலையைச் சுத்தமா வழிச்சுட்டு, கையை இலை மேல வச்சுக்கிட்டு, அடுத்த ரவுண்டுக்குக் காத்திருந்தாரு. அந்தம்மாவும் காத்திருந்தாங்க. எங்கம்மா கரண்டியும் கையுமா நின்னாங்க. பானையில ஒரு பருக்கை இல்ல.

எங்கம்மா தன் வாழ்நாள்ல யாரையும் பசியோட அனுப்பினவங்க கிடையாது. அவங்க கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்பா சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. இனி இந்தக் கல்யாணம் நடக்காதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. போறதுதான் போகுது, மனசுல இருக்கிறதைக் கேட்டுட்டாவது போகட்டும்னு வாயைத் தொறந்துட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க, பானை காலி. நீங்க அளந்து சாப்பிடுற ஆளுங்கன்னு சொன்னாங்க, அதான் அளந்து ஆக்கினோம். ஆனா பதினோரு மணின்னு சொல்லி ஒரு மணிக்கு மேல வந்தா என்ன அர்த்தம்? நாங்க பத்தரையில இருந்து உக்காந்திருக்கோம்!"

என் குரல் அடுத்த தோட்டத்துக்குக் கேட்டிருக்கும்.

அந்தம்மா திடுக்கிட்டுப் போயிட்டாங்க. "ஐயோ பிள்ளை, பதினொண்டு எண்டு சொன்னா ஒண்டு எண்டுதானே அர்த்தம்! நேரத்துக்குப் போனா அந்த வீட்டுப் பொம்பிளைகள் குளிச்சிருக்கவும் மாட்டினம், அவையளுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு என்ர அக்காதான் சொன்னவ. சந்தியில மரத்துக்குக் கீழ காரை விட்டுட்டு இவ்வளவு நேரமும் வேர்க்க வேர்க்க இருந்தனாங்கள்!"

"சாப்பிடாமலா?"ன்னாங்க எங்கம்மா, அலறாத குறையா.

"காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை"ன்னு பெரியவர் சொன்னாரு. இப்ப அவரு குரல் சாதாரணமா, மெதுவா இருந்துச்சு. "இஞ்ச வந்தா எழும்ப ஏலாத அளவுக்குப் போடுவீங்கள், வேண்டாம் எண்டா கோவிப்பீங்கள் எண்டு சொன்னவ. வயிற்றைக் காய விட்டுக்கொண்டு வந்தம்."

"அப்ப இந்த நகையெல்லாம்?"ன்னு அத்தை கேட்டாங்க.

"உங்களுக்கு மினுங்கினாத்தான் பிடிக்கும் எண்டு சொன்னா. அரைவாசி அவவின்ர நகைதான். கழுத்து நோகுது"ன்னாங்க அந்தம்மா.

முதல்ல சிரிச்சது வாத்தியார். கண்ணாடி கையில இருந்து விழுந்துடுச்சு. அப்புறம் நான், அப்புறம் அம்மா, அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. பெரியவர் தோள் குலுங்குச்சு, மூஞ்சியில பெருசா ஒண்ணும் காட்டல, ஆனா கண்ணுல இருந்து தண்ணி கொட்டுச்சு. அத்தை மட்டும், "அந்தப் பெரியம்மா யாருங்க, நான் பாக்கணுமே"ன்னாங்க. அப்பா சுவத்துப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தவரு மெதுவாத் திரும்பினாரு. "செர்காம் போலாம். மீன் சுடுற கடை தொறந்திருக்கும்"ன்னாரு.

அப்பாவும் அம்மாவும் கப்சாய்ல முன்னாடி போக, நாங்க கார்ல பின்னாடி போனோம். செர்காம் கடலோரத்துல ஒரு மலாய்க்கார மாக்சிக், அதான் அத்தை வயசு அம்மா, மீனை வாழை இலையில வச்சுச் சுட்டுக்கிட்டு இருந்தாங்க. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாரும் ஒரே மேசையில உக்காந்தோம். மிளகாய் அரைச்ச சம்பால் வந்துச்சு. மிளகாயைக் கண்ணுல காட்டக் கூடாதுன்னு அத்தை சொன்ன அந்தம்மா, சம்பாலை வழிச்சுச் சாப்பிட்டுட்டு, இதைவிடக் காரமா வேற இருக்கான்னு மாக்சிக்கிட்ட மலாய்ல கேட்டாங்க. அத்தை என் காதுல, "இவங்க வேற சிலோன்காரங்க போல"ன்னாங்க.

வயிறு நெறைஞ்சதும் வாய் தொறந்துச்சு. தலைநகர் கேஎல்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களைப் பத்திப் பேச்சு வந்ததும்தான் ரெண்டு குடும்பமும் ஒண்ணாச்சு. கார்ல இருந்து இறங்கும்போதே ஐயோ சூடுன்னு சொல்லுவாங்கன்னு எங்கம்மா. எங்களுக்கு இதுக்கெல்லாம் டைம் இல்லைன்னு சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் தங்குவினம்னு அந்தம்மா. மீனைக் கொடுத்தா முள்ளு இருக்கான்னு கேப்பாங்கன்னு அத்தை. பின்னே, மீனுக்கு முள்ளு இல்லாம சக்கரமா இருக்கும்? அப்பா மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு. அப்பாவை நான் அப்படிப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு. கல்யாணம் கைக்கு வந்துடுச்சுன்னே நெனச்சேன்.

அந்தச் சந்தோஷத்துலதான் பெரியவர் சொன்னாரு. "எங்களைத்தான் எல்லாரும் கஞ்சர் எண்டு சொல்லுகினம். ஆனா உங்கட அப்பாவைப் பாருங்கோ பிள்ளை! அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வரேக்க சந்து முனையிலேயே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர். அந்தத் துளிப் பெற்றோலையும் மிச்சம் பிடிக்கிறார்! எங்களையும் வெண்டிட்டார்!"

அவரு மட்டும்தான் சிரிச்சாரு. அம்மா இலையைப் பாத்தாங்க. என் கையில இருந்த மீன் அப்படியே நின்னுடுச்சு. அப்பா தண்ணி குடிச்சுட்டு, கோவமே இல்லாம, யாரோ வேற ஆளைப் பத்திச் சொல்ற மாதிரி சொன்னாரு.

"பெட்ரோலுக்காக இல்லீங்க. எங்க தோட்டத்துல கிராணி பங்களாவைத் தாண்டுறப்போ இறங்கித் தள்ளிக்கிட்டுதான் போகணும். எங்கப்பா இறங்குவாரு, நானும் கூட இறங்குவேன். கிராணிங்க சிலோன்காரங்க. உங்க வீட்டுக்கு வந்தேனா, கால் பழக்கத்துல இறங்கிடுச்சு."

பெரியவர் மூஞ்சியில இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. மாக்சிக் அடுப்பை விசிறுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அய்யோ, கதை முடிஞ்சுதுன்னு நான் வாத்தியாரைப் பாத்தேன். அவரு அவங்கப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"என்ர அப்பாவும் கிராணிதான்"னாரு பெரியவர். "உங்கட தோட்டம் இல்லை, வேற. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க பங்களா விறாந்தையில இருந்து ரோட்டைப் பாத்துக்கொண்டு இருப்பன். சைக்கிள்ல வாற ஆக்கள் எல்லாரும் எங்கட வீட்டுக்கு முன்னால இறங்கித் தள்ளிக்கொண்டு போவினம். ஏன் எண்டு அம்மாவைக் கேட்டன். அதில மேடு தம்பி, மிதிக்க ஏலாது எண்டு சொன்னா." முன்னால இருந்த இலையை ஓரமாத் தள்ளினாரு. "இவ்வளவு காலமும் நான் அது மேடு எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். மேடு இல்லை, என்ன?"

"இல்லீங்க"ன்னாரு அப்பா. "சமதரைதான்."

பெரியவர் எழுந்து போயி கையைக் கழுவினாரு. ரொம்ப நேரம் கழுவினாரு. திரும்பி வந்தவரு நாற்காலியில உக்காரல. எங்கம்மாகிட்ட, "தங்கச்சி, உங்கட ஹெல்மெட்டைத் தாங்கோ. நீங்க கார்ல வாங்கோ. நான் இவரோட மோட்டார்சைக்கிள்ல வீட்டை போறன். எல்லாரும் எங்கட வீட்டுல தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்"னாரு.

அம்மாவோட ஹெல்மெட் ரோஸ் கலரு, பின்னாடி ஒரு பூ ஸ்டிக்கர் வேற. தேய்ச்ச கால்சட்டையும் பளபளக்கிற ஷூவுமா ஒரு ரிட்டயர் ஆன ரயில்வே ஆபீசர் அதை மாட்டிக்கிட்டு, எங்கப்பா தோளைப் பிடிச்சு கப்சாய்ல பின்னாடி ஏறினாரு. அந்தம்மா கார்ல, "விழப் போறார், விழப் போறார்"னு புக்கிட் காத்தில் வரைக்கும் சாமி கும்பிட்டுக்கிட்டே வந்தாங்க.

அந்தச் சந்து முனை வந்துச்சு. நாங்க பின்னாடிதான் வந்தோம், கண்ணாடியை எறக்கி விட்டிருந்தோம், எல்லாம் கேட்டுச்சு. அப்பா வேகத்தைக் குறைச்சாரு. கால் தரையில பட்டுச்சு.

"நிப்பாட்டாதேங்கோ"ன்னு பெரியவர் சத்தம் போட்டாரு. "உள்ள விடுங்கோ."

"தரை அழுக்காயிடும்ங்க."

"அது என்ர தரை. விடுங்கோ!"

கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. அப்பா ஒரு முறுக்கு முறுக்கினாரு. வண்டி புகையை விட்டுக்கிட்டு கேட்டுக்குள்ள போயி, போர்ச்சுல ஏறி, நாற்காலி வரைக்கும் போயி நின்னுச்சு. காலையிலயும் சாயங்காலமும் கழுவுற அந்தத் தரையில, செர்காம் மண்ணோட நீளமா ஒரு டயர் தடம். அந்தம்மா கார்ல இருந்து இறங்கி வந்து அதைப் பாத்தாங்க. கை தானா வெளக்குமாத்துப் பக்கம் போச்சு. பெரியவர் அவங்களை ஒரு பார்வை பாத்தாரு. கையை எடுத்துட்டாங்க. "அது கிடக்கட்டும்"னு சொல்லிட்டு டீ போட உள்ள போயிட்டாங்க. அப்பா அந்தத் தடத்துக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டு உக்காந்து, ரெண்டு கப் டீ குடிச்சாரு. கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம்னு அவரேதான் முதல்ல சொன்னாரு.

சாயங்காலம் கிளம்புனோம். அம்மா அப்பாவோட ஏறிக்கிட்டாங்க. என்னையும் அத்தையையும் வாத்தியார் கார்ல பின்னாடி கூட்டிக்கிட்டு வந்தாரு. தடத்தை மறுநாள் காலையிலேயே கழுவிட்டாங்கன்னு பின்னால தெரிஞ்சுச்சு. என்ன இருந்தாலும் சிலோன்காரங்க லா, ஒரு நாள் விட்டு வச்சதே பெருசு.

தோட்டத்துக்குள்ள நுழைஞ்சு ஆபீசைத் தாண்டினதும் கிராணி பங்களா வந்துச்சு. வாத்தியார் காரை மெதுவாக்கினாரு, அப்பா இறங்குவாருன்னு அவருக்கும் இப்பத் தெரியுமே. அப்பா இறங்கல. எஞ்சினையும் அமத்தல. ஹார்னுல கையை வச்சு, பங்களா ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் எடுக்கவே இல்ல. கூரையில இருந்து வௌவாலெல்லாம் கிளம்பிப் பறந்துச்சு. அம்மா அவரு முதுகுல ஒரு அடி போட்டு, "யாருமே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க ஹார்னு?"ன்னு கத்தினது எங்களுக்கும் கேட்டுச்சு.

"எங்கப்பா இறங்காமப் போறாருன்னு சொல்றேன் புள்ள"ன்னாரு அப்பா.